ஒன்றரை மில்லி கோணல்

என் அக்காவுக்கு அரைமில்லி என்று பெயர் வைத்தவன் நான்தான். வைத்து இருபது வருஷம் ஆகிறது. இப்போது டாக்டரிலிருந்து பேப்பர் போடுகிறவர் வரை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவள் முதுகுக்குப் பின்னால். நான் மட்டும் முகத்துக்கு நேராகவே சொல்வேன். தம்பி என்கிற பதவியில் இருக்கும் ஒரே சலுகை அது.

அக்கா பல் செய்கிறவள். பிடுங்குகிறவள் இல்லை, செய்கிறவள். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றினால் ஈறு அச்சாகக் கிடைக்கும். அதன்மேல் மெழுகு படியவைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரிசை கட்டுவாள். டாக்டர் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, மெழுகு போய்ப் பிளாஸ்டிக் வந்து பல்செட் ஆகும். இதில் ஒரு பல் அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டாலும் போட்டுக்கொண்டவருக்கு வாய் மூடாது. அதனால் நாள் முழுக்க அவள் வாயில் வருவது ஒரே பேச்சுதான்: "அரை மில்லி தூக்கியிருக்கு."

தொழிலோடு நின்றால் பரவாயில்லை. சுவரில் தொங்கும் காலண்டர் அரை மில்லி சாய்ந்திருக்கும். ஜன்னல் திரை அரை மில்லி இறங்கியிருக்கும். ஒருமுறை என் மீசையையே அப்படிச் சொன்னாள், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். இருபத்தேழு வருஷத்தில் அவள் செய்த பல்செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் லேப். ஜன்னலோரம் மேஜை, சின்ன கேஸ் அடுப்பு, அதில் சுடவைக்கும் மெழுகுக் கத்தி, ரப்பர் கிண்ணங்கள், சுவர் நிறைய அச்சுகள். யாருடைய வாய் என்று எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும் இருக்கும். வாயைத் தெரியும், ஆளைத் தெரியாது. பிளாஸ்டர் கலக்குவதும், முடிந்ததைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. இதற்கு முன்னால் நாலு வேலை பார்த்தேன். நான் அவற்றை விட்டேனா, அவை என்னை விட்டனவா என்பதில் குடும்பத்தில் இரண்டு கருத்து உண்டு.

இப்படிப்பட்ட அக்காதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே மட்டமான சிலைகள் செய்ய ஆரம்பித்தாள்.

தொடங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால். முந்தின நாள் டாக்டர் போனில் ஒரு பல்செட்டைப் புகழ்ந்திருந்தார். "மெஷின்ல செஞ்ச மாதிரியே இருக்கும்மா" என்றாராம். புகழ்ச்சிதான், ஆனாலும் அக்கா அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஞாயிறு. ஒரு அவசர வேலைக்குக் கலக்கிய பிளாஸ்டர் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. கலக்கிய பிளாஸ்டர் எட்டு நிமிஷத்தில் கல்லாகிவிடும், அதனால் மிச்சத்தை நான் உடனே வழித்துக் கொட்டிவிடுவேன். அன்று கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கி, பிளாஸ்டரைப் பலகையில் சொத்தென்று போட்டு, நாலு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் கிள்ளினாள். அதற்குள் இறுகிவிட்டது.

"நாயா?" என்றேன்.

"குதிரைடா."

"கழுத்து எங்க?"

"மறந்துட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள். அந்த அறையில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, பிளாஸ்டர் கையால் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாகி, மறுபடி அந்தக் குதிரையைப் பார்த்து மறுபடி சிரித்தாள். குதிரையும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் எந்தப் பக்கம் முகம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று. அக்கா எதைச் செய்தாலும் அதற்குச் சட்டதிட்டம் வந்துவிடும். அளவுகோலைத் தொடக் கூடாது. எட்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். திருத்தவே கூடாது. யாராவது "நல்லாருக்கே" என்றால் உடனே உடைத்துவிட வேண்டும். தானாகக் கெட்டுப்போனது செல்லாது, தெரிந்து கெடுத்ததுதான் செல்லும்.

"ஆறு வயசுப் புள்ள இதவிட நல்லா செய்யும்" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அது நல்லா செய்யணும்னு பாடுபடும். நான் கெடுக்கணும்னு பாடுபடறேன். எது கஷ்டம், நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல நான் என்ன பைத்தியமா?

கூடத்து அலமாரி நிரம்பியது. முக்கால்வாசி சொந்தக்காரர்கள். முதல் தட்டில் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா. ஒரு காது கண்ணுக்கு மேலே, இன்னொரு காது கழுத்தில். மாமா நூலகத்தில் வேலை பார்ப்பவர், வீட்டிலும் நூலகக் குரல்தான். அந்தச் சிலையின் மேல் காதில் தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிவைக்க வசதியாக இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் தட்டில் இருப்பது அவருடைய அம்மா. ஒருநாள் அந்த அம்மாவே வந்து, அலமாரி முன்னால் நின்று, "இது யாருப்பா?" என்று கேட்டுவிட்டார். மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "எங்க ஆபீஸ் மேலதிகாரிம்மா" என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான், அதாவது மட்டமாகத்தான், போய்க்கொண்டிருந்தது. பல் வந்துதான் கெடுத்தது. இல்லை, கெடுக்க மறுத்தது.

அதுவரை அவள் செய்த தலைகள் எல்லாம் வாயை மூடியிருந்தன. ஒரு ஞாயிறு சிரிக்கிற முகம் செய்ய ஆசை வந்து, வாயைத் திறந்துவிட்டாள். லேபில் உதிரிப் பற்களுக்குப் பஞ்சமில்லை. வாய்க்குள் மெழுகு வைத்து வரிசையாக நட்டாள். எழுந்து தள்ளி நின்று பார்த்தால் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு தலை, அதற்குள் சினிமாக்காரர் மாதிரி ஒரு பல்வரிசை. பார்க்கவே பயமாக இருந்தது.

காரணம் மெழுகுதான். பிளாஸ்டர் எட்டு நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடும், கைக்குத் திருத்த நேரம் கிடைக்காது. மெழுகு காத்திருக்கும். கத்தியைச் சுடவைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பல்லை நகர்த்தலாம். நேரம் கிடைத்தால் அக்காவின் கை சும்மா இருக்காது. கோணலாக ஒரு பல்லை வைப்பாள், அடுத்த பல்லை எடுக்கத் திரும்புவாள், திரும்புகிற போக்கில் இடது கை போய் முதல் பல்லை நேராக்கிவிட்டு வரும். அவளுக்கே தெரியாது. நான் கண்ணால் பார்த்தேன்.

விடுவாளா? இடது கையால் நட்டுப் பார்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு நட்டுப் பார்த்தாள். கோபத்தில் நட்டால் கோணும் என்று மாமாவைக் கூப்பிட்டு, "என்கூட ஒரு சண்டை போடுங்க" என்றாள். மாமா பாவம், முடிந்த மட்டும் முயன்றார். "நீ செய்யறது கொஞ்சம்கூட" என்று ஆரம்பித்து, அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், "தப்பில்ல" என்று முடித்தார். பற்கள் எல்லாம் அணிவகுப்பு மாதிரி நின்றன.

ஒரே ஒரு கெட்ட பல்வரிசை. தன் கையால் ஒன்று செய்துவிட வேண்டும். அதற்காக அக்கா ஏங்க ஆரம்பித்துவிட்டாள். "இருபத்தேழு வருஷமா இந்தக் கை என் பேச்சக் கேக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்டா. நான்தான் அது பேச்சக் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள் ஒருநாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. பிளாஸ்டர் மூட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

பிறகு அந்த ஞாயிறு. சனிக்கிழமையே ஒரு அம்மாளின் மேல்வரிசையை மெழுகில் முடித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டியது. அதே வாய்க்கு நகல் அச்சு ஒன்று உபரியாக இருந்தது. அதை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மத்தியானம் வரை உட்கார்ந்தாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"முடிச்சிட்டேன்டா! முன்பல்லு ஆறையும் கோணலா வெச்சிட்டேன். ஒண்ணு திரும்பியிருக்கு, ஒண்ணு எறங்கியிருக்கு, ரெண்டுக்கு நடுவுல சந்து. வெச்சிட்டு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். பாக்கவே சகிக்கல!" கடைவாய்ப் பற்களை மட்டும் சரியாகவே வைத்தாளாம், அதில் கைவைக்க மனசு வரவில்லையாம். அன்று மூன்று முறை காப்பி குடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேஜைமேல் இரண்டு மெழுகுவரிசை இருந்தன. நான் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பதினொன்றே கால் இருக்கும். அக்கா மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லது இங்க இருக்கு. அப்ப நீ எதடா கொண்டுபோன?"

"பக்கத்துல இருந்தத."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

"தெரியலையே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டருக்குப் போன் போட்டால் உதவியாளப் பெண் எடுத்து, "அந்தம்மா நாற்காலியில உக்காந்தாச்சு, வாயில வெச்சாச்சு" என்றாள். எங்களுக்கு வேலை அனுப்புவது அந்த டாக்டர் ஒருவர்தான். இருபத்தேழு வருஷப் பெயர், ஒரு பெட்டியில் நான் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டேன். நல்லதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஸ்கூட்டரில் ஏறினாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே ஓடினோம். நாற்காலியில் ஒரு அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், பேனாக் கடை வைத்திருப்பவராம். கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர், "ரொம்பச் சிரிக்காதீங்கம்மா, மெழுகு, விழுந்துடும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் திரும்பினார்.

"வாங்க வாங்க. இருபத்தேழு வருஷத்துல நீங்க இப்படி ஒரு வேல செஞ்சு நான் பாத்ததே இல்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு எங்களுதுதான் டாக்டர். இதோ சரியானது கையோட—"

"சரியானதா? இதுக்கு மேல என்ன சரி? அப்படியே சொந்தப் பல்லு மாதிரி இருக்கு!"

"இதுக்கு முன்னாடி எங்கயோ ஒண்ணு செஞ்சேம்மா" என்றார் பேனாக் கடை அம்மா. "டீவி விளம்பரம் மாதிரி இருந்துச்சு. சிரிச்சா வேற யாரோ சிரிக்கற மாதிரி. இது என் வாயாட்டமே இருக்கு."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய், "அந்த ரெண்டாவது பல்லு திரும்பியிருக்குங்க. குடுங்க, ரெண்டே நிமிஷம், நேராக்கிக் குடுத்திடறேன்" என்று கையை நீட்டினாள். அந்த அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, தலையை வேகமாக ஆட்டினார். கழுத்தை அறுத்தாலும் தரமாட்டார் போலிருந்தது.

திரும்பும் வழியில் எனக்கு உயிர் வந்து, பாட்டு வாயில் வந்தது. பெயர் தப்பியது, வேலை தப்பியது, அதற்கு மேல் பாராட்டு வேறு. பின்னால் விசும்பல் கேட்டு வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஒன்றரை மில்லி கோணலா வெச்சேன்டா" என்று அழுதாள். "பாவி மாதிரி வெச்சேன். ஒருத்தர்கூட மொகஞ்சுளிக்கலையே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் அக்காவின் அகராதியில் ஒன்றரை மில்லி என்பது பேய்க் கோணல். உலகத்துக்கு அது சாதாரண மனுஷ வாய். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். அக்கா வண்டியிலிருந்து இறங்கி மீதித் தூரத்தை நடந்தே வந்தாள்.

அந்த வரிசையை அவளே பல்செட்டாகவும் செய்து அனுப்பினாள், ஒரு இம்மி மாற்றாமல். அதோடு ஞாயிற்றுச் சிலை நின்றது. "எனக்குக் கெடுக்கற பாக்கியம் இல்ல" என்றாள். மிச்சப் பிளாஸ்டரை நானே வழித்துக் கொட்டினேன். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலியாகிவிட்டது, காலியானதும் வீட்டின் மேல் பாய்ந்தாள். முதல் வாரம் கூடத்துப் படங்களை எல்லாம் கழற்றி அளவெடுத்து மாட்டினாள். இரண்டாம் வாரம் மாமாவின் சட்டைகளைத் தோள் ஒட்டித் தோள் மடித்து அடுக்கினாள், ஒன்றை உருவினால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். மூன்றாம் வாரம் அலமாரியில் இருந்த சிலைகளை உயரவாரியாக நிறுத்தினாள். அதைப் பார்த்துத்தான் மாமா லேபுக்கு வந்துவிட்டார்.

"மாப்ள, ஏதாவது பண்ணு" என்றார், அவருடைய நூலகக் குரலில். "வீட்டுல மூச்சு விடக்கூட இடம் பாத்து விட வேண்டியிருக்கு. எனக்காக இல்ல. அவ சிரிச்சு மூணு வாரம் ஆச்சு."

எனக்கு அன்று தூக்கமில்லை என்று சொன்னால் பொய். தூங்கினேன். ஆனால் எழுந்ததும் முதல் நினைப்பு அதுதான். அவள் சிரிப்பை நிறுத்தியது நான் சிரித்த சிரிப்பு.

இவ்வளவு நேரம் ஊர் வாயைப் பற்றியே பேசிவிட்டு என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பதினாலு வயதில் சைக்கிளோடு சாக்கடைப் பாலத்திலிருந்து விழுந்தவன் நான். முன்பல் இரண்டு உடைந்து, ஒன்று உள்ளே மடங்கி, அதற்குப் பின்னால் அழைக்காமலே இன்னொன்று முளைத்து, கீழ்வரிசை ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். எந்த போட்டோவிலும் நான் வாயைத் திறந்ததில்லை. மீசை வளர்த்ததும் அதற்குத்தான். பல் லேபுக்காரன் வாய் இப்படியிருந்தால் வியாபாரம் என்ன ஆகும் என்று டாக்டர் பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார். அக்கா தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, "ஒரே ஒரு தடவ காட்டுடா, சரி பண்ணித் தர்றேன்" என்று கெஞ்சியிருக்கிறாள். காட்டியதே இல்லை. வீம்பு என்பாள் அவள். வெட்கம், வேறொன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் லேபுக்குப் போய், ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அக்கா கத்திகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா?"

"என் தலையச் செய். சிரிக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

கத்திகளைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் அக்கா முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திட்டுவாள், இல்லை, அழுவாள் என்று நினைத்தேன்.

"என்னங்க, டார்ச்ச எடுத்துட்டு ஓடி வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டாள். "அடேயப்பா. இதப் பாருங்க. இது எங்கேருந்து மொளச்சு வருது? இத வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் பத்திரமா ஒளிஞ்சிட்டு இருந்த?"

மாமா டார்ச் அடித்தார். அவரும் குனிந்து பார்த்தார், நாகரிகமாக.

பிளாஸ்டர் கலக்கினாள். எட்டு நிமிஷத்தில் என் தலை தயார், மூக்கு தாடையில் தொங்கியது. வாய்க்குள் மெழுகை அப்பி, உதிரிப் பற்களைக் கொட்டிக்கொண்டாள். முதல் பல் நேராக நின்றது. இரண்டாவது அதைவிட நேராக. அக்கா பெருமூச்சு விட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எதையாவது கெடு என்று சொல்ல நினைத்து, திறந்த வாயோடே, "ஆக்கா, ஏளாவத கெடு" என்றேன். என் வாயிலிருந்து அது வந்த விதத்தில், உள்ளே மடங்கிய அந்தப் பல் வழியாக ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வந்தது.

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை, டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டது. அடுத்து அக்கா. சிரிக்கிற சிரிப்பில் தோள் குலுங்கி, கை குலுங்கி, கையிலிருந்த பல் மெழுகில் படுத்தவாக்கில் போய்ச் செருகிக்கொண்டது. அதில் இடித்து இரண்டாவது பல் சாய்ந்தது.

அவள் சிரிப்பு நின்றது. வலது கை தானாகப் போய்க் கத்தியை எடுத்தது, அடுப்பில் சுடவைத்தது. மாமா மூச்சு விடவில்லை. நானும் வாயைத் திறந்தபடியே இருந்தேன். கத்தி பல்லுக்கு அரை அங்குலம் வரை வந்தது. அக்கா பல்லைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். மறுபடி பல்லைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்" என்று கத்தியைக் கீழே வைத்தாள்.

ஒரு பல்லைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கை அவள் சொன்னதைக் கேட்டது. ஒன்றைத் தலைகீழாக நட்டாள், ஒன்றை மூக்குக்குப் பக்கத்தில் நட்டாள், கடைவாய்ப் பல்லைக் கொண்டுவந்து நடுவில் நட்டாள், ஒவ்வொன்றுக்கும் என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் மோசமாக நட்டாள். மாமா டார்ச்சைப் பிடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் இன்னும் ஒண்ணு" என்று யோசனை சொன்னார். தாடை வலித்தது, எச்சில் வழிந்தது, இரண்டு பேர் என் வாயைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாக இதற்குத்தான் பயந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் அகலமா இளிடா" என்றாள் அக்கா.

இளித்தேன்.